கார்டின் இடது கண்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. மின்விசிறிச் சத்தத்தில் என் குரல் உங்களுக்கு எட்டாமல் போய்விடும். இன்றைக்கு ஒரு பச்சோந்திக்குக் கண்வலி வந்த கதையைச் சொல்லப்போகிறேன். சிரிக்காதீர்கள். கண்வலிக் கதைதான். ஆனால் இதில் ஒரு அப்பா இருக்கிறார், ஒரு மகள் இருக்கிறாள், இருவருக்கும் நடுவில் எந்த வீட்டோடும் சேராத ஒரு டாக்டரம்மா இருக்கிறாள். முழுசாகக் கேட்டுவிட்டுப் போனால், விளக்கை அணைக்கப் போகும்போது ஒரு நிமிஷம் யோசிப்பீர்கள். அதற்கு நான் பொறுப்பு.

இது இன்னும் வராத காலத்துக் கதை. ரொம்பத் தூரத்துக் காலமும் இல்லை. பிள்ளைகள் கடல் தாண்டிப் போய்விட, பெற்றவர்கள் அடுக்குமாடி வீடுகளில் ஒற்றை ஆளாய் இருக்கிற காலம். சுவரில் காமிரா மாட்டிவிட்டுப் போனால் பெரியவர்கள் அதன்மேல் துண்டைப் போட்டு மூடிவிடுகிறார்கள். யாருக்குத்தான் பிடிக்கும்? ஒரு கம்பெனிக்காரர்கள் யோசித்தார்கள். காமிராவைத்தானே மூடுவீர்கள், ஒரு உயிரை மூட மனசு வருமா?

பச்சோந்தியின் கண்களைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று முன்னால் பார்க்கும்போது மற்றொன்று முதுகுப்பக்கம் பார்க்கும். அந்தக் கண்ணுக்குள் வெங்காயச் சருகைவிட மெல்லிய ஒரு படலத்தை வைத்தார்கள். தூரக்கண் என்று அதற்குப் பெயர். பச்சோந்தி பார்ப்பதை உலகத்தின் மறுபக்கத்தில் இருக்கிற மகனோ மகளோ கைப்பேசியில் பார்க்கலாம். திரையில் ஓரிடத்தைத் தொட்டால், படலத்தின் ஓரத்தில் பூச்சி மினுங்குவதுபோல ஒரு பொட்டு ஒளி வரும். கண் அந்தப் பக்கம் திரும்பும். சத்தம் மட்டும் கேட்காது. காதில்லாத ஜீவனிடம் எதைக் கேட்பது?

அரசாங்கம் இரண்டு நிபந்தனை போட்டது. ஒரு கண்ணில்தான் படலம் வைக்கலாம், மற்ற கண் அந்த ஜீவனுக்கே சொந்தம். இன்னொன்று, யாராவது பார்க்கும்போது வீட்டில் இருப்பவருக்கு அது தெரிய வேண்டும். அதற்காகப் பார்வை வந்தவுடன் தலைக்கொண்டை மஞ்சளாகிற மாதிரி அந்தப் பச்சோந்திகளை வளர்த்தார்கள். கொண்டை மஞ்சளானால் நம்மை யாரோ பார்க்கிறார்கள். ஆகாவிட்டால், இல்லை.

எத்தனை வீடுகளில் எத்தனை பேர் அந்தக் கொண்டையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்பதை எந்த அரசாங்கமும் கணக்கெடுக்கவில்லை.

கோயம்புத்தூரில், சரவணம்பட்டியைத் தாண்டி ஒரு சின்னக் கட்டடத்தில், பச்சோந்திகளின் கண்ணுக்கு மட்டும் வைத்தியம் பார்த்தாள் டாக்டர் பிரிசில்லா. சொந்த ஊர் நாசரேத். அம்பது வயதைத் தொட்டுக்கொண்டிருந்தாள். கீழே ஆஸ்பத்திரி, மேலே ஒற்றை அறை. தன் வீட்டில் பச்சோந்தி வைத்துக்கொள்ளவில்லை. வைத்தாலும் அதன் கண் வழியாகப் பார்க்க ஆள் இல்லை.

ஒரு நாள் பெரியவர் ஒருவர் துண்டு போர்த்திய கூண்டோடு வந்தார்.

"பேரு என்ன?" என்றாள் பிரிசில்லா.

"நாச்சிமுத்துங்க."

"உங்க பேரைக் கேக்கல."

"அட, இவனுக்குங்களா? கார்டுங்க. ரயிலுக்குப் பின்னால கொடி புடிச்சு நிப்பாரல்லங்க, அந்தக் கார்டு. பச்சைக் கொடியும் இவனே, செவப்புக் கொடியும் இவனே."

"ரயில்வேல இருந்தீங்களோ?"

"சிக்னல் மெயின்டெயினருங். போத்தனூருக்கும் ஈரோட்டுக்கும் நடுவால நான் ஏறாத கம்பம் இல்லீங்."

துண்டை விலக்கினாள். கார்டு பச்சையாகவும் இல்லை, சிவப்பாகவும் இல்லை. பழைய புளி நிறத்தில், கிளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது. தூரக்கண் வைத்த இடது கண் ஊறவைத்த கொண்டைக்கடலைபோல வீங்கி மூடியிருந்தது. வலது கண் பாதி திறந்திருந்தது.

"பகல்லயும் கண்ணை மூடிட்டுத்தான் இருக்கா?"

"தூங்கறானுங்."

"பச்சோந்தி பகல்ல தூங்காது. பகல்ல கண்ணை மூடுச்சுன்னா எனக்கு முடியலன்னு சொல்லுதுன்னு அர்த்தம். பூச்சி பிடிக்கும்போது குறி தப்புதா?"

நாச்சிமுத்து தலையைச் சொறிந்தார். "வெட்டுக்கிளி ஒரு பக்கம் உக்காந்திருக்கும், இவன் நாக்கு ஒரு பக்கம் போகும். இப்ப நான்தானுங் கையில புடிச்சு ஊட்டறன்."

"எப்பலேருந்து?"

"மாம்பழம் வந்தப்பலேர்ந்துங்."

"அப்பவே கொண்டாந்திருக்கணும். ரெண்டு கண்ணும் சேந்து பாத்தாத்தான் அதுக்குத் தூரம் தெரியும். குறி தப்புறதுதான் மொத அடையாளம். கண்ணு வீங்குறதெல்லாம் பெறவுதான். தண்ணி எப்படி வைக்கீங்க?"

"கிண்ணத்துலதானுங்."

"கிண்ணத்துல அசையாம கெடக்கிற தண்ணிய இது தண்ணின்னே நினைக்காது. இலையில சொட்டுச் சொட்டா விழணும், மினுங்கணும். உங்க வீட்ல ஏசி வேற ஓடும். காஞ்சு போன காத்துல கண்ணைக் கழுவக்கூட இதுக்கு ஈரமில்ல. வெட்டுக்கிளிக்கு என்ன போடுதீங்க?"

"வெட்டுக்கிளிக்கு யாருங்க சோறு போடுவாங்க?"

"நீங்க போடணும். பட்டினிக் கிளியத் தின்னா இதுவும் பட்டினிதான். கேரட்டு, முருங்கைக்கீரை குடுத்து வளத்த கிளியத்தான் இதுக்குக் குடுக்கணும். கண்ணுக்கான சத்து அப்படித்தான் உள்ள போகும்."

"டாக்டரம்மா திருநெல்வேலிப் பக்கமுங்களா? போடுதீங்க, வைக்கீங்கன்னு பேசறீங்க."

"தூத்துக்குடிப் பக்கம். பேச்சை மாத்தாதீங்க."

உப்புநீரை விட்டு மெதுவாகக் கழுவினாள். இமைத் துவாரத்தில் ஒரு சொட்டுச் சாயம் விட்டு, நீல விளக்கைப் பிடித்தாள். காயம் பட்ட இடம் அந்தச் சாயத்தில் பச்சையாய் ஒளிரும். கிளை குத்திய கண்ணில் ஒற்றைக் கோடு பச்சையாய்த் தெரியும். தூசி விழுந்த கண்ணில் ஒரு புள்ளி தெரியும். இந்தக் கண் முழுவதும், மாவு தூவினாற்போல, பொடிப்பொடியாய்ப் பச்சை.

"வெல்டிங் வேலை பாத்திருக்கீங்களா? கண்ணாடி போடாம வெல்டிங்கைப் பாத்தா ராத்திரி மணல் கொட்டுனாப்ல உறுத்துமே?"

"ஆமாங். ஒருக்கா பட்டிருக்கறேன்."

"இதுக்கும் அதேதான். வெயிலுக்குப் பதிலா இதுக்கு மேல எரியுதே, அந்த வெளக்கோட வெளிச்சம் சுட்டிருக்கு. படலத்துக்கு அடியில ஈரம் காஞ்சு இந்தக் கண்ணு கூடுதலா வெந்திருக்கு. அந்தப் புற ஊதா வெளக்கு எவ்வளவு நேரம் எரியுது?"

நாச்சிமுத்து கூண்டின் கம்பியைத் தடவினார். "காலைல போட்டு, பொழுது எறங்குனா அணைச்சுப்போடுவனுங்."

பிரிசில்லா மறுபடியும் கண்ணைப் பார்த்தாள். "இது வேற மாதிரி சொல்லுதே."

"மருந்து குடுங். போட்டுடறேன்."

மருந்தைக் கொடுத்தாள். "பகல் பாதி வெளிச்சம், பாதி இருட்டு. அந்த இருட்டுத்தான் மருந்து. இந்தச் சொட்டு மருந்து அதுக்குத் துணைக்கு. வெளக்கை அணைக்காம இதைப் போட்டீங்கன்னா, அடுப்பு எரிய எரிய பாலை ஆத்துற மாதிரி."

"செரிங்," என்று துண்டைப் போர்த்திக்கொண்டு போனார்.

மறுவாரம் வந்தபோது கண் இன்னும் மோசமாயிருந்தது. வலது கண்ணும் மூடத் தொடங்கியிருந்தது. பிரிசில்லா சாவியை எடுத்தாள். ஆஸ்பத்திரியைப் பூட்டிவிட்டு, அவரோடு அவர் வீட்டுக்கே போனாள்.

மேல்தளத்தில் ஒரு வீடு. ஜன்னலோரம் கார்டின் கிளை, அதன்மேல் ஊதா வெளிச்சத்தோடு அந்த விளக்கு. எதிரில் ஒரே ஒரு நாற்காலி. நாற்காலியின் முதுகில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. சுவரில் அவர் மனைவி ருக்மணியின் படம், மாலை போட்டு. வீட்டில் உட்கார வேறு இடமே இல்லாததுபோல எல்லாம் அந்தக் கிளையைப் பார்த்து இருந்தன.

விளக்கின் சுவிட்சைப் பார்த்தாள். அதன்மேல் சிவப்பு வர்ணம் பூசிய ஓர் இரும்பு வளையம் இறுக்கமாய் மாட்டியிருந்தது.

"இது என்ன?"

"காலருங். ரயில்வேல, தொடக்கூடாத லீவர் மேல இதை மாட்டிப்போடுவோம். கை தவறிக்கூட யாரும் இழுக்க முடியாதுங்."

"இந்த வீட்ல உங்களைத் தவிர யாரு இருக்கா?"

"எனக்குத்தானுங் மாட்டியிருக்கறேன்."

அவர் சொன்னார். மகள் கவின்மொழி வான்கூவரில் இருக்கிறாள். நமக்கு ராத்திரி என்றால் அவளுக்குப் பகல். வேலைக்கு நடுவே, சாப்பாட்டு இடைவேளையில்தான் பார்க்க அவளுக்கு நேரம். முதலில் அறை விளக்கைப் போட்டுவைத்தார். அந்த வெளிச்சத்தில் கார்டு கண்ணை மூடித் தூங்கிவிட்டது. புற ஊதா விளக்கு எரிந்தால் பகல் என்று நினைத்து விழித்திருந்தது. அதனால் எரியவிட்டார்.

"சிக்னல்ல வெளக்கு அணைஞ்சு கெடந்தா டிரைவருக்கு என்ன அர்த்தம் தெரியுங்களா? பச்சையில்ல, செவப்பில்ல, கோளாறுன்னுகூட எடுத்துக்க மாட்டாரு. நில்லுன்னு எடுத்துக்குவாரு. வண்டி அங்கியே நின்னுபோகும். எம் பொண்ணு என்னைக்காவது திறந்து பாத்து இருட்டாத் தெரிஞ்சா, அப்பன் நில்லுங்கறான்னு நினைச்சுக்குவாள்ல?"

"மகள் பாக்குதாங்களா?"

அவர் கார்டின் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஞாயித்துக்கெழமை போன்ல பேசுவா. நல்லாயிருக்கீங்களாம்பா, நல்லாயிருக்கறன்பேன். பாக்கறியா சாமின்னு நான் கேக்கறதில்லீங். கேட்டுட்டா அது கடமையாயிருமல்லங்க."

"கொண்டை?"

"இவனுக்குச் சீக்கு வந்ததுலேர்ந்து மஞ்சளாகறதில்லீங்."

"சீக்கு வந்த தோல்ல எந்த நிறமும் வராதுதான். கண்ணு குணமாச்சுன்னா வரும். வெளக்கை அணைங்க ஐயா. இன்னும் ஒரு மாசம் இப்படி எரிஞ்சா கார்டு குருடாயிரும். கம்பமே சாஞ்ச பெறவு வெளக்கு மட்டும் எரிஞ்சு யாருக்கு என்ன?"

நாச்சிமுத்து நாற்காலியில் உட்காரவில்லை. சட்டையின் கழுத்துப்பட்டியை நேராக்கினார்.

"டாக்டரம்மா. இப்ப மஞ்சளாகலீன்னா சீக்குன்னு சொல்லிக்கறேன். எனக்கு நானே. இவன் நல்லாயி, பச்சப்பசேல்னு உக்காந்திருந்து, அப்பவும் மஞ்சளாகலீன்னா அப்ப என்னங் சொல்லிக்கறது?"

பிரிசில்லா சொட்டு மருந்தை ஜன்னலோரம் எடுத்து வைத்துவிட்டுக் கிளம்பினாள். கீழே இறங்கும்போது லிப்ட்டின் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே போனாள்.

மகளோடு பேச அவளுக்கு ஒரு காரணம் இருந்தது. பார்வை உரிமை ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான். கண்ணில் வைத்தியம் நடக்கும்போது அந்த உரிமையை டாக்டர் கொஞ்ச நாள் வாங்கிக்கொள்ளலாம். விளக்கு அணைகிறதா என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

கவின்மொழி திரையில் வந்தாள். பின்னால் சாம்பல் நிற வானம். முப்பது சொச்சம் வயது. அப்பாவின் நெற்றி.

"எடுத்துக்கங்க டாக்டர். நான் யூஸ் பண்றதில்ல."

"ஏன்னு கேக்கலாமா?"

"மொத வருஷம் தினமும் பாத்தேன். கொண்டை மஞ்சளானதும் அப்பா எந்திரிச்சுப் போயி இஸ்திரி சட்டையப் போட்டுட்டு வந்து உக்காருவாரு. போட்டோவுக்கு உக்கார்ற மாதிரி. நான் பாக்கற வரைக்கும் அசைய மாட்டாரு. சிரிச்சுட்டே இருப்பாரு." அவள் மூக்கைத் தேய்த்துக்கொண்டாள். "எங்கப்பா அப்படி உக்கார்ற ஆளே இல்ல டாக்டர். ரேடியோவத் திட்டுவாரு, வெங்காயத்தத் திட்டுவாரு, கம்பத்துல ஏறின கதைய நூறு தடவை சொல்லுவாரு. நான் அவரப் பாக்கல. என்னால மாட்டிக்கிட்ட ஒருத்தரத்தான் பாத்துட்டு இருந்தேன்."

"அதனால விட்டுட்டீங்களா?"

"கொறைச்சேன். அப்புறம் இந்த வருஷம் எப்பப் பாத்தாலும் இருட்டு. ஒரே செவப்பா ஒரு இருட்டு. காமிராவுக்குத் துண்டு போட்ட மாதிரி இதுக்கும் எதையோ போட்டுட்டாருன்னு புரிஞ்சுது. கேக்கல. அவருக்கு வேண்டாம்னா விட்ரணும்ல."

பிரிசில்லா நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டாள்.

"அது துண்டு இல்லம்மா. கண்ணிமை. கார்டு கண்ணை மூடியிருக்கு. மூடின இமைக்கு உள்பக்கந்தான் நீங்க பாத்த செவப்பு. நீங்க எந்த நேரத்துல பாத்தாலும் வெளிச்சம் இருக்கணும்னு உங்கப்பா ராத்திரியெல்லாம் வெளக்கை எரியவிட்டிருக்காரு. அந்த வெளக்குத்தான் கண்ணை மூட வச்சிருச்சு."

கவின்மொழி திரைக்குக் கிட்ட வந்தாள். பின்னால் சாம்பல் வானத்தில் ஒரு பறவை குறுக்கே போயிற்று.

"நீங்க இப்பப் பாக்கலாம்," என்றாள் பிரிசில்லா. "பகல்ல. அதாவது உங்க ராத்திரியில. கண்ணு தொறக்க நாளாகும். ஆனா தொறக்கும்."

"இல்ல டாக்டர். நீங்களே பாருங்க. எனக்கு இப்ப அந்த முகத்தைப் பாக்கத் தைரியமில்ல."

திரை அணைந்தது. உரிமை பிரிசில்லாவின் கைப்பேசிக்கு வந்து சேர்ந்தது.

அன்று ராத்திரியே திறந்து பார்த்தாள். மகள் சொன்ன அதே இருட்டு. கருஞ்சிவப்பு. உள்ளே நரம்புகள் இலை நரம்புபோல. சிவப்பு என்றால் வெளியே விளக்கு எரிகிறது என்று அர்த்தம். மறுநாளும் சிவப்பு. அதற்கு மறுநாளும். தன் அறையில் சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு அந்தச் சிவப்பைப் பார்த்தபடி சாப்பிட்டாள். யாரோ ஒருவருடைய வீட்டுக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து சாப்பிடுவதுபோல இருந்தது.

பிறகு ஒரு ராத்திரி, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பு போய்க் கருப்பு வந்தது. முழுக் கருப்பு. அந்தக் காலரைக் கழற்ற அந்த மனிதருக்கு எவ்வளவு கஷ்டமாயிருந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

இருட்டு மெல்ல மெல்ல வேலை செய்தது. ஒரு காலையில் கருஞ்சிவப்பின் நடுவே நூல் போல ஒரு வெளிச்சக் கீற்று. சில நாளில் அந்த நூல் கயிறாயிற்று. பிறகு ஒரு நாள் கண் திறந்தது. மழை கழுவிய ஜன்னல்போல அந்த வீடு முழுசும் தெரிந்தது. இலைகள் தெரிந்தன. இலைகளுக்கு மேலே, கொண்டை மஞ்சளானதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்ட நாச்சிமுத்துவின் முகம் தெரிந்தது.

அவர் வாய் ஏதோ சொல்லிற்று. பிரிசில்லாவுக்குக் கேட்காது. 'கவினு' என்று சொன்னது உதட்டில் தெரிந்தது. பிறகு தடுமாறிக்கொண்டு சட்டையை எடுத்துப் போட்டார். பொத்தானைத் தப்பாகப் போட்டார். உட்கார்ந்து சிரித்தார்.

'நான் கவின் இல்லை' என்று சொல்ல அவளுக்கு வழியில்லை. பார்வையை மூடினால் கொண்டை அணையும். அந்த முகத்துக்கு முன்னால் அதை அணைக்க அவளுக்குக் கை வரவில்லை. தண்ணீர் சொட்டுகிறதா என்று பார்த்தாள், விளக்கின் உயரத்தைப் பார்த்தாள், வெட்டுக்கிளி டப்பாவில் கேரட் துண்டு இருக்கிறதா என்று பார்த்தாள். வைத்தியம் அவ்வளவுதான். அதற்கப்புறமும் பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள்.

மறுநாள் காலையில் காபி போட்டுக்கொண்டு மறுபடியும் திறந்தாள். சொல்லவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

ஆனால் சில நாளிலேயே ஒன்று மாறியது. நாச்சிமுத்து சட்டையை எடுக்கவில்லை. லுங்கியும் பனியனுமாய் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்தார். வெங்காயத்தோடு சண்டை போட்டார். கொண்டை மஞ்சளானால், தண்ணீர் சொட்டும் பாட்டிலை எடுத்துக் கார்டின் கண்முன் பிடித்துக் காட்டினார். கேரட்டைக் காட்டினார். காலர் கழற்றிய சுவிட்சைக் கை காட்டி, விரலால் அணைத்து ஏற்றிக் காட்டினார். பிறகு தன் பாட்டுக்கு வேலையைப் பார்த்தார்.

கண்ணைச் சோதிக்கக் கூண்டோடு வந்தார். துண்டை விலக்கினால் கார்டு வெற்றிலை நிறத்தில் இருந்தது. சாயம் விட்டு நீல விளக்கைப் பிடித்தாள். ஒரு புள்ளி பச்சையில்லை. மேஜையில் ஒரு வெட்டுக்கிளியை விட்டாள். இரண்டு கண்ணும் ஒன்றாய் முன்னால் திரும்பின. நாக்கு போய் வந்தது. வெட்டுக்கிளி இல்லை.

"அடிச்சான் பாருங்க," என்றார் நாச்சிமுத்து.

"ஐயா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"காலைல பாக்கறது நீங்கதானுங்களே? தெரியுமுங்."

பிரிசில்லா கையிலிருந்த விளக்கைக் கீழே வைத்தாள். "எப்படித் தெரிஞ்சுது?"

"எம் பொண்ணு பாத்தா, இவன் கண்ணு மொதல்ல சொவத்துக்குப் போகும். அவ அம்மா படத்துக்கு. அதுக்கப்புறந்தான் எம் பக்கம் வரும். என்ன அவசரமானாலும் அப்படித்தானுங். நீங்க பாத்தா மொதல்ல இலைக்குப் போகுது. அப்பறம் வெளக்குக்கு. அப்பறம் கேரட்டுக்கு. எம் பக்கம் கடைசியாத்தான் வருது." அவர் சிரித்தார். "கம்பத்துல ஏறுனா நான் மொதல்ல கம்பியத்தான் பாப்பேன். யாருக்கு எது பொழப்போ அது. மொத ரெண்டு நாள் புரியாம சட்டையப் போட்டுட்டு உக்காந்துட்டனுங்."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல? கோவம் வரலையா?"

"கொஞ்சம் வந்துச்சுங். அப்பறம் பாத்தேன், சோதனைக்குன்னா எட்டிப் பாத்துட்டுப் போயிரலாம். நீங்க நான் வெங்காயம் உரிச்சு முடிக்கற வரைக்கும் இருக்கறீங்க." கூண்டுக் கதவைச் சாத்தினார். "நீங்களும் தனியாத்தானுங்க இருக்கீங்க. இருந்துட்டுப் போங். ஒருத்தருக்குத் தெரியாமப் பாக்கறதுதானுங் தப்பு. இப்பத்தான் எனக்குத் தெரியுமே."

அதற்கப்புறம் பிரிசில்லாவின் காலைகள் வேறு மாதிரி ஆயின. அவள் காபியை அவரோடு குடித்தாள். அவர் தன் டம்ளரைக் கார்டுக்கு நேரே உயர்த்திக் காட்டிவிட்டுக் குடித்தார். அவர் பேசுவது அவளுக்குக் கேட்காது, அவள் பேசுவது அவருக்குக் கேட்காது. ஆனாலும் அவள் பேசினாள். நாசரேத்துத் தேரிக்காட்டுச் செம்மணல் மேடுகளைப் பற்றி, தன் அக்காவைப் பற்றி, நேற்று வந்த ஒரு கோபக்காரப் பச்சோந்தியைப் பற்றி. அறையில் தன் குரல் கேட்பதே அவளுக்குப் புதிதாயிருந்தது.

ஒரு நாள் காலையில் காபியைப் போட்டுக்கொண்டு வந்து திறந்தாள். படம் வரவில்லை. திரையில் ஒரே ஒரு வரி இருந்தது.

'வேறொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.'

காத்திருந்தாள். காபி ஆறி ஆடை கட்டியது. கொஞ்சம் கழித்துத் தொட்டுப் பார்த்தாள். அதே வரி. ஆஸ்பத்திரி திறக்கிற நேரமும் ஆயிற்று. அதே வரி.

மதியம் கவின்மொழியிடமிருந்து குரல் செய்தி வந்தது. அங்கே நடுநிசி தாண்டியிருக்கும். குரல் தூக்கமில்லாமல் கரகரத்தது.

"டாக்டர், உரிமையத் திரும்ப எடுத்துக்கிட்டேன். உங்ககிட்டக் கேட்டிருக்கணும், மன்னிச்சிருங்க. மொதல்ல அம்மா படத்தத்தான் பாத்தேன். அப்பா சட்டுனு திரும்பினாரு. கொண்டையப் பாத்தாரு, கண்ணு எங்க போகுதுன்னு பாத்தாரு. அவருக்குத் தெரிஞ்சுபோச்சு, நான்தான்னு. எந்திரிச்சுச் சட்டை போடப் போயிருவாருன்னு நெனச்சேன். போகல. பனியனோட உக்காந்து வெங்காயத்தையே உரிச்சாரு. நடுவுல வெங்காயத்தத் திட்டினாரு. கண்ணுல தண்ணி வந்துச்சு அவருக்கு. வெங்காயமா இருக்கும். நான் முழுக் கூடையும் உரிச்சு முடியற வரைக்கும் பாத்தேன் டாக்டர். இனிமே என் ராத்திரிகள்ல பாத்துக்கறேன்."

பிரிசில்லா அதை இரண்டு தடவை கேட்டாள். நல்ல செய்தி. அவள் செய்த வைத்தியத்திலேயே இதுதான் நன்றாகப் பலித்தது. மீதிப் பகல் முழுக்க ஒரு கண்ணுக்குச் சாயம் விட்டாள், ஒரு கண்ணைக் கழுவினாள், ஒருவரிடம் விளக்கு எவ்வளவு நேரம் எரிகிறது என்று கேட்டாள்.

சாயங்காலம் மேலே ஏறிப் போனாள். கைப்பேசியைத் தொடவில்லை. காலையில் ஆறிப்போன காபியைக் கொட்டி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். தெரு விளக்குகள் எரியத் தொடங்கின. அவள் அறையிலும் எல்லா விளக்கும் எரிந்தது. வந்த நாளிலிருந்தே அப்படித்தான், தூங்கும்போதுகூட ஒன்று எரியும். யாருக்காக என்று அவள் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

எழுந்து ஒவ்வொன்றாய் அணைத்தாள். கடைசி சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள். பிறகு அதையும் அணைத்தாள். இருட்டு வந்து அவள் கண்மேல் உட்கார்ந்தது. முதலில் உறுத்தியது. கொஞ்ச நேரத்தில் உறுத்தல் போயிற்று.

தூரத்தில் ஒரு ரயில் போயிற்று. பச்சை எரிந்திருக்க வேண்டும். நிற்காமல் போயிற்று.

அவ்வளவுதான் கண்ணுகளா, எழுந்திருங்கள். உங்கள் வீட்டில் உங்களைத் தேடிப் பார்க்கிற கண் ஒன்றாவது எந்நாளும் விழித்திருக்கட்டும். அந்தக் கண் பார்க்கும்போது நீங்கள் பனியனோடு இருக்கும்படியான வீடாக அது இருக்கட்டும். உங்கள் உலையில் நீரும், உங்கள் இலையில் ஈரமும் வற்றாமல், பார்த்துக் களைத்த கண்கள் மூடிக்கொள்ள நல்ல இருட்டும் உங்களுக்குக் கிடைக்கட்டும். பத்திரமாய்ப் போய்ச் சேருங்கள்.